மூச்சிழுத்தது சம்மதம் ஆகாது

எங்கள் கூட்டுறவின் கோட்டைச் சுவரே, கேட்டதும் கொடுக்காத கருணைக் கடலே, அன்பும் அடமும் ஒருங்கே வாய்த்த அம்மையே, குன்வோர் எக்ப்ளாட் அவர்களே!

கொடுத்தவரைத்தான் ஊர் மேடை போட்டுப் பாராட்டும். கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக ஒருவருக்குப் பூச்செண்டும் காட்டுப்பழக் கேக்கும் வைத்து விழா எடுப்பது நாட்டின் வடகோடியில் இருக்கும் நம் ஷெலெஃப்தியோ நகரத்தில் இதுவே முதல் முறையாக இருக்கும்.

வீடு வீடாக இணைய இணைப்புத் தரும் இச்சிறு நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குத் தலைமையேற்ற நாள்முதல் நீங்கள் காத்த நெறி ஒன்றே. வாடிக்கையாளர் எதைப் படித்தார், எவரோடு பேசினார் என்பது அவருடைய சொந்தச் சமாச்சாரம். இன்னார் விவரம் வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டாலொழிய, அரசாங்கமே வந்து வாசலில் நின்றாலும் அது வெளியே போகாது. தேவைக்கு மேல் எந்தப் பதிவையும் சேர்த்து வைக்காதீர்கள் என்று எங்களைப் படாத பாடு படுத்தினீர்கள். இல்லாததை யாரும் பறிக்க முடியாது என்பது உங்கள் வாதம்.

அந்நெறிக்கு வந்த சோதனையைச் சொல்லாவிட்டால் இம்மடல் நிறையாது. நீங்கள் விடுப்பில் இருந்த வேளை பார்த்து உளவுத்துறை அதிகாரி ஒருவர் வந்தார். யாரையும் கேளாமல் எல்லார் விவரத்தையும் தானே எடுத்துக்கொள்ளும் பெட்டி ஒன்றை நம் கருவி அறையில் வைக்கவேண்டும் என்றார். எதிரே உட்கார்ந்திருந்த உங்கள் துணை அலுவலர் டோர்கெல், பாவம், பயத்தில் ‘ஷுப்’ என்று மூச்சை உள்ளே இழுத்துவிட்டார். நம் வடக்கத்தியார் அப்படி மூச்சிழுத்தால் ஆமாம் என்று அர்த்தம். வந்தவரும் வடக்கத்தியாரே! சம்மதம் என்று குறித்துக்கொண்டு போய், மறுவாரமே பெட்டியோடு வந்து இறங்கினார்.

விடுப்பு முடிந்து திரும்பியிருந்த நீங்கள் வாசலிலேயே மறித்தீர்கள். "டோர்கெல் மூச்சத்தான் இழுத்தாரு, சம்மதிக்கல. நீதிபதி கையெழுத்து இருக்கா? இல்லேன்னா பெட்டி வெளியவே இருக்கட்டும். நீங்க மட்டும் உள்ள வந்து காபி சாப்பிடுங்க."

"நானும் உங்க வாடிக்கையாளர்தான், குன்வோர்" என்று அவர் குழைந்து பார்த்தார்.

"இருக்கலாம். எங்க வாடிக்கையாளர் யாருன்னு நாங்க போலீஸ்கிட்ட சொல்றதில்ல" என்றீர்கள். உரிமமே பறிபோகும் என்று மிரட்டினார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. கடைசியில் பெட்டி வந்த வழியே திரும்பியது.

ஆனால் அன்றோடு எங்கள்மேல் உங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, ஒத்துக்கொள்ளுங்கள்! ஓய்வுபெறும் வயது கடந்தும் நாற்காலியை விடவில்லை. நான் போய்விட்டால் இங்கே யார் மறுப்பது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தீர்கள். ஏரிக்கரை வீட்டில் உங்கள் கணவர் ஸ்டூரே தனியாக மீன் பிடித்துச் சலித்துப்போனார்.

இந்த வசந்தத்தில் அதே துறையிலிருந்து வேறொருவர் வந்தார். நீங்கள் வேண்டுமென்றே உங்கள் அறையை விட்டு எழுந்து வரவில்லை. அவர் நீட்டிய கோரிக்கைக் காகிதத்தை டோர்கெல் நிதானமாகப் படித்தார். "இது செல்லாதுங்க. நீதிபதி உத்தரவோட வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உங்கள் கண் நிறைந்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தீர்கள்: "ஸ்டூரே, படகத் தயார் பண்ணு. நான் வந்துடறேன்."

குறையாத நலமும் குன்றாத சிரிப்பும் பெற்று, ஏரியும் துணைவருமாக நூறாண்டு வாழுங்கள், அம்மையே! கவலையில்லாமல் போய் வாருங்கள். மறுப்பதற்கு இங்கே நாங்கள் இருக்கிறோம்.

இங்ஙனம்,
டோர்கெல் முதலாக, கூட்டுறவின் பணியாளர் அனைவரும்