தாண்டிய இரண்டு பக்கங்கள்

"முத்தம் வர்ற எடத்தையெல்லாம் நீ தாண்டிப் போயிடுற, ரோசி."

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கில், கண் மருத்துவருக்கான வரிசையில் எனக்கு முன்னால் இருந்த அம்மையார் இப்படிச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணில் புரை. தமிழில் வந்த பழைய இங்கிலாந்துக் காதல் கதையொன்றை நாத்தனார் அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியெல்லாம் இல்ல, அண்ணி."

"துரையும் அவளும் குளத்தங்கரையில நடந்தாங்கன்ன. ஒடனே விடிஞ்சிருச்சுங்கிற. முப்பது வருசம் கொழுந்து பறிச்சவ நான். ரெண்டு தாளு ஒண்ணா திரும்புனா சத்தத்துலயே தெரியாதா?"

"நான் சண்டே ஸ்கூல் டீச்சர் லா. இத்தன பேரு முன்னாடி எப்படி வாசிக்கிறது?"

"மெதுவா வாசி."

ரோசி பக்கங்களைப் பின்னால் புரட்டித் தணிந்த குரலில் வாசித்தார். கதையில், துரை முத்தமிடக் குனிந்த கணத்தில், குளத்து வாத்து ஒன்று அவருடைய பின்புறத்தைக் கவ்விக்கொண்டது. வரிசை முழுவதும் சிரித்தது.

"அப்புறம் குடுத்தாரா, இல்லையா?"

ரோசி புத்தகத்தை மூடினார். "ஆறு மாசமா ஆபரேசனுக்குப் பயந்துகிட்டு இருக்கீங்க. கண்ணு தெரிஞ்சதும் நீங்களே படிச்சுக்குங்க."

பெயரை அழைத்ததும், அம்மையார் எவர் கையையும் பிடிக்காமல் அறுவைக்கு நாள் குறிக்க உள்ளே போனார்.

இதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று எண்ணினேன். கேட்பதற்கு இப்போது அங்கே யாரும் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.