கேரம் பவுடர்

அய்ய, மாவும் இல்ல மருந்தும் இல்லக்கா, கேரம் பவுடரு. போர்டு மேல தூவுனா காயி வழுக்கிகினு போவும், அதுக்கு. எங்க ராயபுரத்துல கைக்கொயந்தகூட சொல்லும். நீங்க இன்னாடான்னா அந்தத் தம்மாத்தூண்டு கவருக்கு நாய இட்டாந்து மோக்க வுடுறீங்க.

அழுவலக்கா, சளி. அக்கான்னு கூப்புடலாமில்ல? ஆபீசரு தமிழ் பேசுறதே பெரிய நிம்மதி. என் பேரு ரேகா. பையில அந்தக் கவரு இருந்திச்சின்னு உள்ள ரூம்ல குந்த வச்சிக்கீறீங்களே ஷெர்லின், அவ என் தோஸ்து. ஒரே கேரம் கிளப்பு. பிளஸ் டூ முடிச்சிட்டு, லீவுக்கு உங்க கொழும்புல ஆட வந்தோம், நாலு நாளு. மார்க்கு மட்டும் கேக்காதீங்க. இட்டாந்தது மனோகரன் மாஸ்டரு. அதோ, பிபி மாத்திர தேடிகினு கீறாரே, அவரு.

ஃப்ளைட்டுக்கு நேரமாவுதுன்னு எனக்கும் தெரியும். சொல்றேன் இருங்க.

இங்கத்திய கிளப்புல சாவியோன்னு ஒரு பையன். மொத நாளே எங்கிட்ட வந்து, நீங்க நல்லா வெளையாடுறீங்கன்னான். நீங்க! எங்க ஏரியால எவன்க்கா பொண்ண நீங்கன்னு கூப்புடுறான்? மொதல்ல பேசுனது எங்கிட்ட. அத எழுதிக்கோங்க.

சரி, எழுத வேணாம். வுடுங்க.

மறுநாள் அவனோட எனக்கு மேட்ச்சு. கெலிச்சேன். ஒரு போர்டுகூட வுட்டுக் குடுக்கல. கையக் குடுத்தான், போயிட்டான். அப்பால ஷெர்லின் ஆடுனா. தோத்தா. தோத்துட்டு ஈன்னு சிரிக்கிறா. அவன் பக்கத்துல குந்திகினு, வெரல இப்டி வைங்கன்னு ஸ்ட்ரைக்கர் அடிக்க சொல்லித் தரான். இவளும் அப்டியான்னு கேட்டுக்கிறா! ஆறு வயசுலேருந்து ஆடுறாக்கா அவ!

கெலிச்சவளுக்கு இன்னா மரியாத, சொல்லுங்க?

நானா? எனக்கு இன்னாக்கா பொறாம? இல்லவே இல்ல. சரி, கீது. வயிறு எரியுது, போதுமா? அவங்கப்பா மளிக மொத்த யாவாரம், நாலு நாளுக்கு எட்டு டிரெஸ் எடுத்தாந்தா. எங்கப்பா காசிமேட்டுல மீன்புடி போட்டு ஓட்டுறாரு, எனக்கு ரெண்டு சுடிதாரு, ஒரு கிளப்பு டீ சர்ட்டு. பீச்சுல எறா வட வாங்கிக் குடுத்தான். ரெண்டு பேருக்கு ரெண்டு. நான் மூணாவது ஆளு, நிக்கிறேன் பாருங்க. அவ பாதி பிச்சிக் குடுத்தா. எனக்கு வேணாம், எறா பழசுன்னேன். பழசெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருந்திச்சி போல.

இன்னா? கேரம் பவுடர்னா, எனக்குத் தெரியாது என்னுது இல்லன்னு அவ ஏன் அழுவுறான்றீங்களா? அதான் உங்களுக்கு டவுட்டா?

கரீட்டுதான். டவுட்டு வரும்தான்.

காத்தால ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வரேன்னு சாவியோ சொல்லிருந்தான். ரெண்டு பேருக்கும் சேத்துதான் சொன்னான், ஆனா கண்ணு எங்க இருந்திச்சின்னு நான் பாத்தேனே. வந்தான். தல ஈரம்கூட காயல. நான் ஒருத்திதான் வாசல்ல நின்னுகினு கீறேன். முடிய சரி பண்ணிகினேன். வந்தவன் எனக்கு அந்தாண்ட எட்டிப் பாத்து, ஷெர்லின் எங்கன்றான். உள்ள புடிச்சி வச்சிக்கிறாங்கன்னேன். மூஞ்சி அப்டியே செத்துப் போச்சிக்கா. எனக்குப் போய்ட்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல.

அவ சொல்றது நெஜம்க்கா. அவளுக்குத் தெரியாது. காத்தால அவ குளிக்கப் போனப்ப, டிரெஸ்ஸுக்கு நடுவுல அந்தக் கவர வச்சது நான்தான். என் பவுடரு. மிஷின்ல பாத்துட்டுப் பைய தொறக்கச் சொல்லுவாங்க, மோந்து பாத்து சிரிச்சிட்டு அனுப்பிடுவாங்க, அதுவரிக்கும் அவன்கூட நான் மட்டும் நிக்கலாம்னு. நாய் வரும்னு யாருக்குத் தெரியும்?

அவ பேர அடிச்சிட்டு ரேகான்னு போட்டுக்கோங்க. மாஸ்டர் கைல நானே சொல்றேன், அறைவாரு, அறையட்டும். அவள வெளிய வுடுங்க. அவன் அந்தக் கண்ணாடிக்கு அந்தாண்டயே நிக்கிறான், போவல. வுட்டதும் அவ அங்கதான் ஓடுவா. ஓடட்டும்.

அவங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு நிமிசம் குடுங்க, போதும். அதுக்கு மேல குடுக்காதீங்கக்கா.