நல்ல ரிப்போர்ட்

புதுச்சேரியிலிருந்து நெய்வேலி வரும் பகல் பேருந்து. நெல்லிக்குப்பம் தாண்டியதும், என் முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“ஸ்கேன் நல்லா வந்துடுச்சுக்கா. நல்லா வராம இருந்திருக்கலாம்னு தோணிடுச்சு.”

“வாயிலியே போடுவேன். என்னாடி பேச்சு இது?”

சன்னலோரம் முதலில் பேசியவளின் எட்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னந்தலையில் முடி முளைக்காத நீளத் தழும்பு.

“ஆபரேசன்ல எடுக்க முடியாம வுட்ட கட்டி வளரவே இல்லியாம். இனிமே ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்தா போதுமாம்.”

“சந்தோசப்படாம அழுதுகினு வர்றியே?”

“புள்ளைக்கு முடியலன்னுதான் சூப்பர்வைசரு இவங்கப்பாவ மைன்ஸ்ல பகல் ஷிப்டுலயே வெச்சிருக்காரு. ஒவ்வொரு தபாவும் ரிப்போர்ட்ட காட்டணும். இத காட்டுனா மறுபடியும் நைட் ஷிப்டுதான். காண்ட்ராக்ட் ஆளு, எதுத்துக் கேக்க முடியுமா? நைட்ல இவளுக்கு வலிப்பு வந்தா வூட்டுல நான் ஒருத்திதான். டாக்டரு நல்லாருக்குன்னு சொன்னதும் எனக்கு அந்த ஷிப்டுதாங்க்கா மொதல்ல ஞாபகம் வந்துச்சு. புள்ள மூஞ்சியப் பாக்க முடியல. நான்லாம் ஒரு தாயா?”

ஒட்டுக்கேட்ட எனக்குத் தலை குனிந்துவிட்டது.

மந்தாரக்குப்பத்தில் இறங்குவதற்காக அவள் மகளைத் தொட்டு எழுப்பினாள். தொட்டதுமே சிறுமி கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, சூப்பர்வைசரு கேட்டா எனக்கு இன்னும் தல வலிக்குதுன்னு சொல்லட்டா?”