தையல்கார அக்காவின் ஃபோன்

ரிப்பேருக்கு வருகிற ஃபோன்களில் பாதிக்கு ஒரு கோளாறும் இருக்காது. தையல்கார அக்கா கொண்டுவந்த ஃபோனும் அப்படித்தான்.

“தைக்கும்போது கதை கேப்பேன் தம்பி. ஸ்க்ரீன் ஆஃப் ஆனா கதையும் நின்னுடுது. துணியைப் பிடிப்பேனா, இதைத் தட்டிக்கிட்டே இருப்பேனா?”

பேட்டரியை மிச்சம் பிடிக்க, திரை அணைந்ததும் ஃபோனே ஆப்களைத் தூங்க வைத்துவிடும். கதை ஆப்பை மட்டும் தூங்க விடாதபடி மாற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. கூடவே இன்னொரு ஆப்பையும் ஏற்றி, அதையும் தூங்க விடாமல் செய்தேன். அக்கா வீட்டுச் சத்தத்தை அது என் ஃபோனுக்கு அனுப்பும். என் வேலை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான்.

அன்று சாயங்காலம் அவர் வெளியூர்த் தங்கையிடம் பேசியது கேட்டது. “ஃபோன் கடைத் தம்பி தங்கமான பையன்டி. காசே வாங்கல.”

என் முதுகுக்குப் பின்னால் யாரும் என்னைப் பற்றி நல்லதாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அந்த ஆப்பை எடுக்க மனம் வரவில்லை.

வேலை பார்க்கும்போது ஒரு காதில் அவர் வீடு இருக்கும். மெஷின் ஓடும், கதை ஓடும். கதையில் வில்லன் வந்தால் அக்கா திட்டுவார். “நாசமாப் போறவனே, அவளை விடேன்டா.” நான் சிரித்துவிடுவேன். எதிரே நிற்கிறவர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று முறைப்பார்.

ஒரு நாள் காலை, முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பரணிலிருந்து துணி மூட்டையை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்புறம் விழுந்த சத்தம்.

“யாராவது இருக்கீங்களா? காலை அசைக்க முடியல.”

ஃபோன் மெஷின் மேல் இருந்திருக்க வேண்டும். அவருக்கு எட்டவில்லை. கதை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். போகாமல் இருக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாடி வீடு. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் குரல் கதவு வழியாக வந்தது. சற்றுப் பின்தங்கி, அதே குரல் என் காதிலும் வந்தது. தட்டக் கையை ஓங்கினேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அக்காவுக்கும் தெரிந்துபோகும். அப்புறம் அவர் என்னைப் பற்றித் தங்கையிடம் என்ன சொல்வார்?

திரும்பினேன்.

“யாருப்பா அது, வெளியில?” என்றார்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாளும் இயர்ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் கேட்டார். தங்கை கூப்பிட்டார் போலும், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அக்கா அதற்கு, “இருடி, வரேன்” என்றார். பிறகு முனகல் மட்டும். பிறகு அதுவும் இல்லை. சார்ஜ் தீர்ந்ததா, மூச்சு தீர்ந்ததா, தெரியாது.

என் ஃபோனை நீங்கள் வாங்கி வைத்துவிட்டீர்கள். ஆனாலும் இந்தக் காதில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பேசுவதை இந்தப் பக்கக் காதால்தான் கேட்கிறேன்.

அவருடைய தங்கை ஸ்டேஷன் வாசலில் அழுவது கேட்கிறது. அக்கா ஒண்டியாகக் கிடந்து செத்தாளே என்று புலம்புகிறார். அவரிடம் யாராவது போய்ச் சொல்லுங்கள். அக்கா ஒண்டியாக இல்லை. கடைசிவரை நான் கூடவேதான் இருந்தேன்.