வேலியோரக் கொட்டில்

தெமோதரை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் வாங்கிய கூரைத் தகரம் பஸ்ஸின் மேலே கிடந்தது.

"மம்பட்டி வைக்கிற கொட்டில வேலியோரமா போடாதீங்க. பக்கத்து மாரியாயி வீடு மறைஞ்சிரும்."

"மறையட்டுமே! கோழியால வந்த சண்டைக்கு அப்புறம் நீ அவகூட பேசுறதேயில்ல."

"பேசலங்க. ஆனா காலையில அவ அடுப்பு பொகையுதான்னு பாக்காம நான் தேயிலக் கொழுந்து பறிக்கப் போறதில்ல. மகன் இந்தியாவுக்குப் போனதுலேருந்து தனியா கெடக்குறா."



"அப்ப கொய்யா மரத்தடியில போடுறேன். மம்பட்டி எடுக்க நீதான் அம்புட்டுத் தூரம் நடக்கணும்."

"நடக்குறேன்."

இறங்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "அவளும் நீ கதவத் தொறந்த பொறகுதான் வேலைக்கு மலை ஏறுறா, புள்ள. நான் பாத்திருக்கேன்."