தேன்பாறைச் சேவல்

ராஜாக்கண்ணு: ...அதான் கேக்கறேன் மங்கம்மா. சேவலே இல்லாத வூட்ல பதினோரு குஞ்சு எப்டி?

மங்கம்மாள்: கோழி முட்டை வுட்டுது சார். அடை வெச்சேன். பொரிச்சிது.

காந்தா: சாருக்கு அது கூட தெரியலம்மா! கணியம்பாடிலருந்து மலையேறி வந்து இதக் கேக்கறாரு...

ராஜாக்கண்ணு: சிரி பாப்பா, சிரி. இருபது வருசமா கோழிப் பண்ணைல குப்பை கொட்டறேன். சேவல் சேராத முட்டை கூமுட்டையாத்தான் போவும். நான் குடுத்த வெள்ளிச் சேவல் எங்க?

மங்கம்மாள்: போன வருசம் ஆடிலயே கீரி புடிச்சிட்டுது.

ராஜாக்கண்ணு: அப்ப இதுங்களுக்கு அப்பன் யாரு?

மங்கம்மாள்: ஊர்ல சேவலுக்கா பஞ்சம்? குப்பம்மா வூட்டுச் செவலை தெனம் இங்கதான் மேயுது.

ராஜாக்கண்ணு: செவலையா... பாப்பா, அந்தக் குஞ்ச இப்டி குடு. நாலு மாசம் இருக்குமா?

காந்தா: நாலு முடிஞ்சிது சார். மெதுவா... கொத்தும்.

ராஜாக்கண்ணு: றெக்கய விரிச்சிப் புடி. பாத்தியா? ஒவ்வொரு எறகுக்கும் ஓரத்துல மை தீட்டுன மாதிரி கருப்பு வரி. உள்ள வெள்ளையா இருந்தா வெள்ளி வகை. பொன்னா இருந்தா தங்க வகை. கருப்புக்குப் பதிலா சாம்பல் ஓரம் வர்றதும் உண்டு, அது இங்க இல்ல. நாட்டுச் சேவல் சேந்திருந்தா இந்த வரி கலைஞ்சி போயிருக்கும். இதுல ஒரு எறகு கூட கலையல.

காந்தா: இன்னொண்ணு பாத்தீங்களா சார்? பொட்டை ஆறும் பொன்னு. சேவக்குஞ்சு அஞ்சும் வெள்ளை.

ராஜாக்கண்ணு: எல்லாமேவா?

காந்தா: ஒண்ணு கூட மாறல... இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆய்ட்டுது?

ராஜாக்கண்ணு: இந்தப் பொன்னும் வெள்ளியும் கீதே, பொட்டைக்குஞ்சுக்கு அது தாய்கிட்டருந்து வராது பாப்பா. அப்பன்கிட்டருந்து மட்டும்தான் வரும். நான் குடுத்த உங்க தாய்க்கோழி அஞ்சும் வெள்ளி. பொட்டை அத்தினியும் பொன்னா வந்தா, அப்பன் பொன்னு. வேற வழியே இல்ல.

காந்தா: அப்ப சேவக்குஞ்சு?

ராஜாக்கண்ணு: அதுக்கு ரெண்டு பேர்கிட்டருந்தும் வரும். வெள்ளி மேல நிக்கும், பொன்னு உள்ள ஒளிஞ்சிக்கும். எல்லாம் சரியா வருது... ஒண்ணு மட்டும் இடிக்குது. இந்த மலைலயே தங்கச் சேவல் ஒண்ணே ஒண்ணுதான். எமர்ஜன்சி வருசம், உங்கப்பா கைல நான் குடுத்தது.

மங்கம்மாள்: காந்தா, ஊத்துக்குப் போயி சாருக்குத் தண்ணி கொண்டா.

காந்தா: கொடத்துல கீதேம்மா...

மங்கம்மாள்: புதுத்தண்ணி கொண்டாடின்னா!

காந்தா: சரி சரி... போறேன்.

ராஜாக்கண்ணு: அந்தத் தங்கச் சேவல் எங்க மங்கம்மா?

மங்கம்மாள்: உங்களுக்குத்தான் தெரியுமே. அவரு தேன் எடுக்கப் போயி பாறைலருந்து வுழுந்தாரு. காரியத்தன்னிக்கு அத அறுத்துட்டோம்.

ராஜாக்கண்ணு: அர்ச்சுனன் போயி மூணு வருசம் ஆவுது.

மங்கம்மாள்: ஆவுது.

ராஜாக்கண்ணு: அறுத்த சேவலுக்கு நாலு மாசத்துக் குஞ்சா? இரு... கேட்டுதா?

மங்கம்மாள்: இன்னாது?

ராஜாக்கண்ணு: மேல... கூவுது பாரு.

மங்கம்மாள்: அது அவரு வுழுந்த தேன்பாறை. அந்தப் பக்கம் பாக்காதீங்க சார். அவரு போனதுலருந்து அறுத்த சேவலோட பேயி கூவிக்கினுதான் கீது. ஊர்ல ஒருத்தரும் அங்க போறதில்ல. ஆடு ஓட்டிக்குனு போன பச்சையம்மா பொன்னு எறகு ஒண்ணு பொறுக்கியாந்தா. ஒம்போது நாளு காய்ச்சல்ல பெனாத்திக்கினு கெடந்தா. எறகத் திரும்ப அங்கயே கொண்டு போட்டப்புறம்தான் கண்ணு முழிச்சா.

ராஜாக்கண்ணு: பேயிக்கு எறகு உதுருமா?

மங்கம்மாள்: நீங்க படிச்சவங்க... சிரிக்கலாம்.

ராஜாக்கண்ணு: நான் சிரிக்கல. உன் தாய்க்கோழிங்க எங்க? வந்ததுலருந்து குஞ்சுங்க மட்டும்தான் கண்ல படுது.

மங்கம்மாள்: உச்சி வெயிலானா மேல போய்டும். தீனி போட்டுக் கூப்ட்டாலும் நிக்காது.

ராஜாக்கண்ணு: அஞ்சுமா?

மங்கம்மாள்: ஒண்ணு பின்னால ஒண்ணு... வரிசையா. யாரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி.

ராஜாக்கண்ணு: நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்.

மங்கம்மாள்: வேணாம் சார்!

ராஜாக்கண்ணு: எங்க பண்ணைல அந்த வகை வெள்ளக்கழிச்சல் நோவுல பூண்டோட போச்சு. அந்தச் சேவல் உயிரோட கீதுன்னா எனக்கு வேணும். வழி வுடு.

மங்கம்மாள்: சார்... உங்க கால்ல வுழறேன். அவருக்குத் தொணை அது ஒண்ணுதான்.

ராஜாக்கண்ணு: அவருக்கா... யாருக்கு? எழுந்திரும்மா. யாருக்குன்னு சொல்லு.

மங்கம்மாள்: அவரு வுழல சார். நானும் அவரு தம்பி சின்னதம்பியும் கட்டுன கதை. வெறும் துணிமூட்டையத்தான் பொதைச்சோம். சேவல அறுத்தோம்னதும் பொய்யி.

ராஜாக்கண்ணு: அர்ச்சுனன்... உயிரோடவா? எதுக்கும்மா இப்டி?

மங்கம்மாள்: காது தடிச்சிப் போச்சு. அடுப்புக் கொள்ளி கைல பட்டும் அவருக்குத் தெரியல. பெருநோயின்னு வெளிய தெரிஞ்சா காந்தாவ யாரு கட்டுவான்? அவரேதான் சொன்னாரு... நான் செத்துட்டேன்னு சொல்லிடு, சேவல மட்டும் குடுன்னு.

ராஜாக்கண்ணு: அடப்பாவிங்களா... அதுக்கு மாத்திரை கீதும்மா! சும்மாவே குடுக்கறாங்க. எத்தினியோ பேரு தின்னுட்டு நல்லா கீறாங்க.

மங்கம்மாள்: யாரக் கேக்கறது? கேட்டாலே தெரிஞ்சி போவுமே...

ராஜாக்கண்ணு: புள்ளைக்குத் தெரியுமா?

மங்கம்மாள்: தெரியாது. அப்பன் செத்துட்டான்னுதான் நெனச்சிக்கினு கீறா. அவ எழுந்துக்கறதுக்கு முன்ன, விடியல்ல கூழு எடுத்துக்குனு தேன்பாறைக்குப் போவேன். கல்லு மேல வெச்சிட்டுத் திரும்பிடுவேன். மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. அவரு கீற குகைலருந்து ஒரு கனைப்பு மட்டும் கேக்கும்.

ராஜாக்கண்ணு: இன்னிக்குக் கேட்டுதா?

மங்கம்மாள்: ...மாசிலருந்து கேக்கல சார்.

ராஜாக்கண்ணு: இப்ப ஐப்பசி.

மங்கம்மாள்: எட்டு மாசம். கூப்ட்டாலும் பதில் இல்ல. சேவல் மட்டும் கூவுது.

ராஜாக்கண்ணு: கூழு?

மங்கம்மாள்: மறுநாள் போனா சட்டி காலியா கீது. கழுவி, கவுத்து வெச்சிக் கீது.

ராஜாக்கண்ணு: கழுவியா?

மங்கம்மாள்: ஆமா. நரி தின்னா கழுவுமா? கரடி கழுவுமா? கை வெளங்காத மனுசன்தான் கழுவுவாரா? ...உள்ள எட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். ஆனா கால் நகரல சார். பேயின்னு ஊர நம்ப வெச்சவ நான். இப்ப தெனமும் யாருக்குக் கூழு வெக்கறேன்னு எனக்கே தெரியல.

ராஜாக்கண்ணு: சேவல் உயிரோட கீதுன்னு இந்தக் குஞ்சுங்க எறக வெச்சி சொல்லிட்டேன்... மனுசனப் பத்தி எப்டிச் சொல்றது?

மங்கம்மாள்: வூட்டுப் பின்னால யாரு? ...காந்தா? எப்படி வந்த... ஊத்துக்குப் போவல?

காந்தா: போவலம்மா. இங்கதான் நின்னேன்.

மங்கம்மாள்: அய்யோ... எல்லாத்தயும் கேட்டுட்டியா?

காந்தா: சட்டியக் கழுவறது நான்தாம்மா. அப்பாவுக்குத் தொண்டை போய்டுச்சு, அதான் கனைக்கல. வெரலும் மடங்கிடுச்சு, போர்வைக்குள்ள துணிமூட்டைய வெச்சிட்டு உனக்கு முன்னயே குகைக்குள்ள போய்டுவேன், நீ எறங்குனதும் ஊட்டி வுடறேன்... நீ வர்ற சத்தம் கேட்டா மட்டும், படுத்திருந்தவரு எழுந்து உக்காருவாரும்மா.