புள்ளி ஆறு

டீக்கு நன்றி ஐயா. தப்பாக நினைக்காதீர்கள், இந்த அறையின் கதவுக்கடியில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. ஏசி போட்டால் காசு கரியாகும். என்ன செய்ய, தொழில்புத்தி.

மின்சாரக் கம்பெனியின் புதுவீட்டுத் திட்டத்தில் நான் சோதனையாளர். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற மாதிரி கட்டிய வீட்டுக்குக் கம்பெனி நட்சத்திரப் பலகை தரும். அதற்கு முன் நான் போய், வாசலில் துணித்திரை கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுப்பேன். எங்கெங்கே ஓட்டையோ அங்கெல்லாம் காற்று உள்ளே வரும். எவ்வளவு கசிகிறது என்று மீட்டரில் ஓர் எண் தெரியும். மூன்றுக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி. எண் இறங்க இறங்க எனக்குக் கால் தரையில் பாவாது. இதுவரை எவனும் ஒன்றுக்குக் கீழே போனதில்லை.

என் தங்கை வீடு கட்டினாள். கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான், எனக்கு உயிர். அவள் புருஷனுக்கு என் வேலை என்றால் ஒரே கிண்டல். "என்ன மச்சான், இன்னைக்கு எத்தனை கிலோ காத்து புடிச்சீங்க?" என்பார். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். தங்கமான மனிதர்.

ஆறு மாதம் அந்த வீட்டில் சிலிக்கான் பசையோடு திரிந்தேன். ஜன்னல் சட்டம், சுவிட்சுப் பெட்டி, ஒன்று விடவில்லை. அப்படியும் ஒன்று புள்ளி ஒன்று. ஊதுபத்தியைக் கொளுத்தி மூலைமூலையாகத் தேடினேன். குளியலறையில், கேஸ் கீசரின் புகைக்குழாய். அது திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி. ஊர் ஊராகப் போய் அந்த விதிக்கு வகுப்பெடுக்கிறவனே நான்தான். குழாய்க்குள் நுரையைப் பீய்ச்சினேன். இறுகியதும் சீவி, வெள்ளையடித்தேன். விசிறியை மறுபடி போட்டேன். புள்ளி ஆறு.

காலிக் கூடத்தில் தனியாகக் குத்தாட்டம் போட்டேன் ஐயா, நாற்பத்தெட்டு வயதில். சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

வியாழக்கிழமை மேலதிகாரி வந்து எண்ணைச் சரிபார்ப்பார். அவர் போனதும் நுரையைத் தோண்டி எடுத்துவிடுவதாக இருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, தங்கையும் மச்சானும் செவ்வாயன்றே குடிபோய்விட்டார்கள்.

புதன் காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, குளிச்சதுலேர்ந்து தலை கிறுகிறுன்னு வருது. அவருக்கும் அப்படித்தான். ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே இருக்கோம்."

"புது பெயின்ட் வாசனைம்மா."

"ஜன்னலைத் தொறந்து வைக்கட்டுமா?"

"வேணாம், ஓரத்துல பசை இன்னும் காயல. ஒரே ஒரு நாள் பொறுத்துக்க. சாயங்காலம் ரெண்டு பேரும் நல்லா வெந்நீர்ல குளிச்சிட்டுப் படுங்க, சரியாயிடும்."

"நீ சொன்னா சரிண்ணா," என்றாள்.

அப்போது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தெரியும். கீசர் புகையின் விஷவாயு ஏறினால் தலைசுற்றல்தான் முதல் அடையாளம் என்று வகுப்பில் நான்தானே பலகையில் எழுதிப் போடுகிறேன். ஆனால் ஒரு நாள்தானே ஐயா. புள்ளி ஆறு தினமும் வருமா?

வியாழன் பத்து மணிக்கு மேலதிகாரியும் நானும் போனோம். மணி அடித்தும் யாரும் வரவில்லை. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, வண்டியிலிருந்து விசிறியை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சோபாவில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். மச்சான் தோளில் துண்டு அப்படியே இருந்தது.

மேலதிகாரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செங்கல்லை எடுத்துக் கூடத்துக் கண்ணாடியை உடைத்துவிட்டார், அவ்வளவு பெரிய கண்ணாடியை. அதற்கப்புறம் எங்கே எண் எடுப்பது? கொஞ்சம் நிதானமாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அந்த வீட்டின் மாற்றுச் சாவி திங்கட்கிழமையிலிருந்து என் சட்டைப்பையில்தான் இருந்தது.